சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுகளும் முன்னேற்றமும்: கலிஃபோர்னியா பெற்றோருக்கு ஒரு கையேடு

என் மகள் மூன்றாம் வகுப்பு முடித்தபோது மாநிலக் கணிதத் தேர்வில் 2440 மதிப்பெண் வாங்கினாள். நான்காம் வகுப்பு முடித்தபோது 2470 வாங்கினாள். முதல் அறிக்கையின்படி அவள் வகுப்பின் தரநிலையை எட்டியவள். இரண்டாம் அறிக்கையின்படி எட்டாதவள். மதிப்பெண் 30 கூடியிருக்க, நிலை மட்டும் ஒரு படி இறங்கியிருந்த அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் படிப்பு பின்னுக்குப் போகிறது என்று நாங்களே முடிவு கட்டி, கோடை விடுமுறையில் பாதியை அவளுக்குப் பயிற்சித் தாள்களாக மாற்றிவிட்டோம். அறிக்கையை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. கணிதத்தில், வகுப்பின் தரநிலையை எட்டியதாகக் கொள்ளப்படும் மூன்றாம் நிலை தொடங்கும் மதிப்பெண் மூன்றாம் வகுப்புக்கு 2436. நான்காம் வகுப்புக்கு 2485. அதாவது, வகுப்புக்கான கோடு 49 புள்ளிகள் உயர்ந்த ஓராண்டில் அவள் 30 புள்ளிகள் உயர்ந்திருந்தாள். கற்றிருந்தாள், ஆனால் போதிய வேகத்தில் இல்லை. எந்தப் பாடப்பகுதியில் வேகம் குறைந்தது, எந்த மாதத்தில் குறைந்தது, அப்போது என்ன செய்திருக்கலாம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வரும் தாள் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய வேறு அளவைகள் பள்ளியிலும் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் முறையை, எங்களைப் போல வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளைச் சார்ட்டர் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோரை முதன்மையாக மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

சார்ட்டர் பள்ளிக்கும் தேர்வு உண்டா?

உண்டு. சார்ட்டர் பள்ளி என்பது தனியார் பள்ளி அன்று. கட்டணம் இல்லாத அரசுப் பொதுப் பள்ளியே. பாடத்திட்டத்திலும் ஆசிரியர் நியமனத்திலும் நேர ஒழுங்கிலும் கூடுதல் உரிமை பெற்று, அதற்கு ஈடாக விளைவுகளுக்குப் பொறுப்பேற்கும் உடன்படிக்கையின்மேல் அது நடக்கிறது. 1991இல் மினசோட்டா மாநிலம் இயற்றிய முதல் சார்ட்டர் சட்டத்திலும், மறு ஆண்டே அதைப் பின்பற்றிய கலிஃபோர்னியாவின் சட்டத்திலும் இந்த ஏற்பாடுதான் அடிப்படை. 2015இல் கையெழுத்தான கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தின்படி, பொதுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு எழுத வேண்டும். வீட்டில் படிப்பதால் நமக்கு இது பொருந்தாது என்று பல தமிழ்க் குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சார்ட்டர் பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை பொருந்தும்.

தேர்விலிருந்து விலக்கு வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்டால், கலிஃபோர்னியாவில் பள்ளி அதை ஏற்றாக வேண்டும். அது பெற்றோரின் உரிமை. ஆனால் கேட்கும் முன் அதன் விளைவையும் அறிந்திருப்பது நல்லது. தேர்வெழுத வேண்டியவர்களில் 95 விழுக்காட்டினர் எழுத வேண்டும் என்பது விதி. அந்த அளவை எட்டாத பள்ளிக்கு, குறைகிற எண்ணிக்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணைச் சேர்த்தே மாநிலம் கணக்கிடுகிறது. சார்ட்டர் பள்ளி தன் அனுமதியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்; 2019இல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் புதுப்பித்தலை, பள்ளியின் நிலையைக் காட்ட மாநிலம் தரும் மதிப்பீட்டு நிறங்களோடு நேரடியாகப் பிணைத்திருக்கிறது. உயர்ந்த நிலையில் உள்ள பள்ளிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் கிடைக்கலாம்; தாழ்ந்த நிலையில் உள்ள பள்ளிக்குப் புதுப்பித்தல் கிடைத்தாலும் 2 ஆண்டுகளே. நடுநிலையிலும் தாழ்நிலையிலும் உள்ள பள்ளிகள், பிள்ளைகள் ஓராண்டில் ஓராண்டுக்குரிய வளர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள் என்பதை மாநிலம் ஏற்கும் பிற தேர்வுகளின் தரவுகளால் காட்ட வழியுண்டு. ஆசிரியர் உங்களுக்கு மாநிலத் தேர்வைப் பற்றி மட்டுமின்றி இலையுதிர் காலத் தேர்வு, வசந்த காலத் தேர்வு என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுவதற்குப் பின்னால் இந்தக் கட்டாயமும் இருக்கிறது.

மாநிலத் தேர்வு

காஸ்ப் என்று பள்ளிகளில் சுருக்கி அழைக்கப்படும் இந்தத் தேர்வு, மூன்று முதல் எட்டு வரையிலும் பதினொன்றாம் வகுப்பிலும் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நடைபெறுகிறது. அறிவியல் தேர்வு ஐந்திலும் எட்டிலும் உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் வரும். கணினியில் எழுதும் தேர்வு இது; பிள்ளை சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். நேரக் கட்டுப்பாடு கிடையாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவதைப் பார்த்துப் பதறி முடித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

மதிப்பெண் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. நிலைகளின் பெயர்களை மாநிலம் அண்மையில் மாற்றியிருப்பதால், பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிடும்போது பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்றாம் நிலை 2432இல் தொடங்குகிறது. நான்காம் வகுப்பில் 2473இல். ஐந்தாம் வகுப்பில் 2502இல். எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் இந்த எண்களை ஆண்டுக்கு ஆண்டு கழித்துப் பார்க்கலாம். பிள்ளையின் எண் எவ்வளவு உயர்ந்தது, வகுப்பின் கோடு எவ்வளவு உயர்ந்தது என்ற இரண்டையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் போதும். எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் அதைச் செய்திருந்தால் அவ்வளவு கண்ணீர் சிந்தியிருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: அதே பிள்ளை அதே தேர்வை வேறொரு நாள் எழுதியிருந்தால் சில புள்ளிகள் ஏறியோ இறங்கியோ இருக்கும். கோட்டுக்கு நான்கு புள்ளி மேலே இருப்பதும் நான்கு புள்ளி கீழே இருப்பதும் கற்பிப்பவருக்கு ஒரே செய்திதான்.

வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் இந்தத் தேர்வைப் பள்ளி ஏற்பாடு செய்யும் இடத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதுவது வழக்கம். அது ஏதாவதொரு நூலகமாகவோ சமுதாயக் கூடமாகவோ இருக்கலாம். இடமும் மடிக்கணினியும் தலையணி ஒலிபெருக்கியும் ஆட்களும் புதியவர்களாக இருப்பது சிறு பிள்ளைக்கு லேசான காரியம் அன்று. மாநிலம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் மாதிரித் தேர்வை இரண்டு முறையாவது செய்ய வையுங்கள். விடைகளுக்காக அல்ல, சுட்டியால் இழுத்து வைப்பது, எண்கோட்டில் புள்ளியிடுவது, இரண்டு பத்தி தட்டச்சு செய்வது ஆகியவை கைக்குப் பழகுவதற்காக. காகிதத்தில் பின்னங்களை மிக அழகாகச் செய்கிற பிள்ளை, திரையில் பின்னத்தைத் தட்டச்சு செய்யத் தெரியாமல் விட்டுவந்த கதை எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது.

ஆண்டுக்கு மூன்று முறை வரும் தேர்வுகள்

ஐ-ரெடி, மேப் குரோத், ஸ்டார் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் உங்கள் பள்ளி பயன்படுத்தும். ஆண்டின் தொடக்கம், நடு, இறுதி என மூன்று முறை நடத்துவார்கள். பெற்றோர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, பெர்சென்டைல். நம் ஊரில் படித்து வளர்ந்தவர்களுக்கு 60 என்றால் நூற்றுக்கு அறுபது, சுமாரான மதிப்பெண். ஆனால் 60ஆம் பெர்சென்டைல் என்பது, அதே வகுப்பில் அதே பருவத்தில் உள்ள 100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் ஏறத்தாழ 60 பேர் உங்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதைக் குறிக்கிறது. அது நாட்டின் நடுப்புள்ளிக்கு மேலே. இதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வீடுகள் எத்தனையோ.

இரண்டாவது, பாதிக் கேள்விகள் தவறாகப் போவது. மேப் போன்ற தேர்வுகள் பிள்ளையின் எல்லையைத் தேடிக்கொண்டே போகும். சரியாக விடையளிக்க அளிக்கக் கடினமான கேள்விகளைக் கொண்டுவரும். நன்றாகப் படிக்கும் பிள்ளையும் ஏறத்தாழ பாதிக் கேள்விகளில் தவறுவதுதான் அந்தத் தேர்வின் அமைப்பு. இதைச் சொல்லிவைக்காவிட்டால், எல்லாவற்றையும் சரியாகச் செய்து பழகிய பிள்ளைதான் முதலில் மனமுடைந்து போகும்.

மூன்றாவது, வளர்ச்சியின் அளவு. மேப் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ரிட் என்று பெயர். 2020இல் வெளியான தேசிய அளவீட்டின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணிதச் சராசரி இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 188; வசந்தத்தில் 201. ஆகவே, ஓராண்டில் சுமார் 13 புள்ளிகள் உயர்வது அந்த வகுப்பில் இயல்பான வளர்ச்சி. 170இல் தொடங்கி 186இல் முடித்த பிள்ளை இன்னும் சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் சராசரியைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு எது உதவியதோ அதைத் தொடர வேண்டும். 215இல் தொடங்கி 218இல் முடித்த பிள்ளை முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. இரண்டாவது பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஐ-ரெடியிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: அதன் அறிக்கையில் இயல்பான வளர்ச்சிக்கு ஓர் எண்ணும், வகுப்பின் தரத்தை நோக்கி விரைவுபடுத்தும் வளர்ச்சிக்கு இன்னோர் எண்ணும் தந்திருப்பார்கள். முதல் எண்ணை எட்டியதோடு மகிழ்ந்துவிட்டால், பின்தங்கியிருக்கும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் இயல்பாக வளர்ந்துகொண்டே பின்தங்கியே இருக்கும்.

இந்தத் தேர்வுகளைச் சில பள்ளிகள் வீட்டிலேயே எழுத விடுகின்றன. அப்போது பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மேசையைவிட்டு எழுந்து போவது. ஒரு குளிர்காலத் தேர்வில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, விடை எதையும் சொல்லவில்லை; "கேள்வியை இன்னொரு முறை படி" என்று மட்டும் சொன்னேன். மதிப்பெண் துள்ளி உயர்ந்தது. அதன் விளைவாக, வாரம் இருமுறை அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சிறு குழுக் கணித வகுப்பு தேவையில்லை என்று பள்ளி நிறுத்திவிட்டது. வசந்தத்தில் உண்மையான எண் வந்தபோது நான்கு மாதங்கள் கடந்துபோயிருந்தன. காலையில், வயிறு நிறைந்த பிறகு, ஒரு பாடத்துக்கு ஒரு நாள் என்று வைத்து, கண்ணில் படாத தூரத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

வாரம் ஒரு நிமிடம்

மேலே சொன்னவை எல்லாம் பள்ளி செய்பவை. முன்னேற்றத்தை உண்மையில் கண்காணிப்பது என்பது வாரந்தோறும் நடப்பது. அதற்கான எளிய முறையை 1970களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டினோவும் அவருடைய சகாக்களும், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்காக உருவாக்கினார்கள். முதல் சார்ட்டர் சட்டம் பிறந்த அதே மாநிலம்தான். இன்று டிபெல்ஸ் போன்ற குறுகிய வாசிப்பு அளவைகளில் பள்ளிகள் பயன்படுத்துவது அந்த முறையின் வழிவந்ததே. அதை வீட்டிலும் செய்யலாம்.

பிள்ளையின் வகுப்பு நிலைக்குரிய, முன்பு படித்திராத ஒரு பத்தியை ஆசிரியரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி. ஒரு நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லி, தவறிய சொற்களை உங்கள் பிரதியில் கோடிட்டு, ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். முதல் நாள் மட்டும் மூன்று பத்திகள் படிக்க வைத்து நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். என் மகன் மூன்றாம் வகுப்பில் ஓர் அக்டோபரில் 71, 64, 68 என்று படித்தான். அவனுடைய தொடக்கப் புள்ளி 68. 2017இல் வெளியான ஹாஸ்பிரக்–டிண்டால் வாசிப்பு வேக அட்டவணையின்படி, மூன்றாம் வகுப்பின் நடுப்புள்ளி இலையுதிர் காலத்தில் 83, குளிர்காலத்தில் 97, வசந்தத்தில் 112. மே மாத இறுதிக்கு 112 என்று இலக்கு வைத்தோம். 30 வாரங்களில் 44 சொற்கள். வாரத்துக்கு ஒன்றரைச் சொல். கட்டம் போட்ட தாளில் 68இலிருந்து 112க்கு ஒரு கோடு வரைந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு புள்ளி வைத்தோம்.

ஒரு வாரப் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் எதுவும் செய்ய வேண்டாம். தூக்கம் போதாமல் இருந்திருக்கலாம், பத்தி கடினமாக இருந்திருக்கலாம். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கீழே விழுந்தால், கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது இந்த முறையின் விதி. கவனியுங்கள், அந்த விதி பிள்ளையைக் கடிந்துகொள்ளச் சொல்லவில்லை, நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, முறையை மாற்றச் சொல்கிறது. டிசம்பரில் எங்கள் கோட்டில் அது நடந்தது. கோடிட்ட பிரதிகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஓரசை, ஈரசைச் சொற்களில் அவன் தவறவே இல்லை, 'டெம்பரேச்சர்' என்ற சொல்லை 'டெம்ப்பர்' என்றும், 'டிபார்ட்மென்ட்' என்பதை 'டிபார்ட்' என்றும், சொல்லின் தலையைப் படித்துவிட்டு வாலை ஊகித்துக்கொண்டு போயிருந்தான். ஆசிரியரிடம் அந்தத் தாள்களைக் காட்டினோம். தினமும் பத்து நிமிடம் நீண்ட சொற்களை அசை அசையாகப் பிரித்துப் படிக்கும் பயிற்சியை அவர் வகுத்துத் தந்தார். முறையை மாற்றிய நாளில் வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுவைத்தோம், மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்க. பிப்ரவரி நடுவில் புள்ளிகள் மீண்டும் கோட்டைத் தொட்டன.

ஓர் எச்சரிக்கை. வேகமாகப் படிப்பது இதன் நோக்கம் அன்று. படித்து முடித்ததும் "என்ன படித்தாய், சொல்" என்று கேளுங்கள். 112 சொற்களைப் படித்துவிட்டு எதுவும் நினைவில்லாமல் நிற்கும் பிள்ளைக்குத் தேவைப்படும் உதவி வேறு.

ஆசிரியருடன் நடக்கும் சந்திப்பு

வீட்டுவழிக் கல்விச் சார்ட்டர்களில் ஆசிரியர் பெரும்பாலும் 20 பள்ளி நாள்களுக்கு ஒருமுறை குடும்பத்தைச் சந்தித்து, பிள்ளை செய்த வேலையின் மாதிரிகளை வாங்கிக்கொள்வார். அப்போது மிக அழகாக வந்த தாளைத் தேடி எடுத்துக் கொடுப்பது நம் இயல்பு. அதனோடு, பாதியில் தடுமாறிய ஒரு தாளையும் கொடுங்கள். அடித்தல் திருத்தல்களோடு கொடுங்கள். கணிதத்தில் விடை மட்டும் உள்ள தாளைவிட, வழி எழுதப்பட்ட தாள் பன்மடங்கு பயன் தரும். "எப்படிப் படிக்கிறான்?" என்ற கேள்விக்கு "நன்றாகப் படிக்கிறான்" என்ற பதில்தான் கிடைக்கும். "இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் எந்தப் பகுதியில் வளர்ச்சி குறைவு? அடுத்த சந்திப்புக்குள் கற்பிப்பதில் எதை மாற்றப் போகிறோம்? மாற்றம் பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அறிவோம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைத் தேதியோடு குறித்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குங்கள்.

தமிழ் பேசும் வீடுகளுக்கு

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றிய ஒரு படிவம் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று அதில் கேட்டிருக்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை 'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலில் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, வீட்டில் ஆங்கிலம்தான் என்று எழுதும் பெற்றோர் நம்மிடையே நிறைய. உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்று எழுதுவதால் நடப்பது இவ்வளவே: சேர்ந்த 30 நாள்களுக்குள் எல்பேக் என்ற தொடக்கத் தேர்வு நடக்கும்; பிள்ளைக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரிந்திருந்தால் அத்தோடு முடிந்துவிடும். போதாதென்றால், ஆங்கில வளர்ச்சிக்கான கற்பித்தல் கிடைக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு திறன்களிலும் தேர்வு வரும். ஒட்டுமொத்தமாக நான்காம் நிலையை எட்டுவதோடு ஆசிரியரின் மதிப்பீடும், பெற்றோரின் கருத்தும், அடிப்படைத் திறன் பற்றிய சான்றும் சேர்ந்தால் பிள்ளையை அந்தப் பட்டியலிலிருந்து விடுவிப்பார்கள். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் பள்ளி கவனித்து வர வேண்டும். வாய்மொழியில் சரளமாக இருக்கும் நம் பிள்ளைகள் எழுத்துத் திறனில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பட்டியலில் நீடிப்பதுண்டு. நான்கு திறன்களின் மதிப்பெண்களையும் தனித்தனியே கேட்டு வாங்கினால், எதில் உழைக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஐயம் எழுந்தால்

2025–26 கல்வியாண்டு முதல், மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புச் சிரமங்களுக்கான முற்பரிசோதனை கலிஃபோர்னியாவில் ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். முறையை ஓரிரு முறை மாற்றிய பிறகும் வரைபடத்தின் புள்ளிகள் எழவில்லை என்றால், சிறப்புக் கல்வித் தேவைக்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில், தேதியிட்டுக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. எழுத்தில் கேட்டால், 15 நாள்களுக்குள் பள்ளி மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு 60 நாள்களுக்குள் மதிப்பீட்டை முடித்துக் கூட்டம் நடத்த வேண்டும். விடுமுறைகள் இந்தக் கணக்கிலிருந்து கழியும் என்பதால் மே மாதம்வரை காத்திருக்காதீர்கள். சார்ட்டர் பள்ளிக்கும் இந்தக் கடமை உண்டு; "இது வீட்டுவழிப் பள்ளி, எங்களிடம் அந்த வசதி இல்லை" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. தேர்வில் பிள்ளைக்குத் தரப்படும் சலுகைகள், அன்றாடப் பாடத்திலும் பழகியவையாக இருக்க வேண்டும். தேர்வு அறையில் முதல்முறையாகக் கேள்வியைக் கணினி படித்துக் காட்டினால், அது பிள்ளைக்கு உதவியாக இராமல் இடையூறாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: மாநில அறிக்கைகள், மூன்று பருவ மதிப்பெண்கள், வாராந்தர வரைபடம், தடுமாறிய தாள்கள் சில, ஆசிரியரோடு பேசியதன் குறிப்புகள். ஆகஸ்டு மாத முதல் சந்திப்புக்கு அந்தக் கோப்பை எடுத்துச் செல்லுங்கள். புதிய ஆசிரியராக இருந்தால், உங்கள் பிள்ளை எங்கே தொடங்கி, எங்கே சுணங்கி, எதனால் மீண்டது என்பதை அவர் அந்த மேசையிலேயே பார்த்துவிடுவார். அக்டோபர்வரை ஊகித்துக்கொண்டிருக்க மாட்டார்.